ஊர்க் கதையைக் கேட்பதிலிருந்து புத்தகமாக்குவது வரை: முழுமையான வழிகாட்டி

ஊர்க் கதை சேகரிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒலிப்பதிவுக் கருவி வாங்குவார்கள். அடுத்து வயதான ஒருவர் முன்னால் அதை வைத்து, "ஆச்சி, ஒரு கதை சொல்லுங்க" என்பார்கள். "எனக்கு என்னய்யா தெரியும், எல்லாம் மறந்துபோச்சு" என்று ஆச்சி எழுந்துவிடுவார். ஊரில் கதை இல்லை என்று எழுதிக்கொண்டு திரும்பி வருவார்கள்.

கதை இருக்கிறது. வேலையை வரிசை மாற்றிச் செய்ததால் கிடைக்கவில்லை. தாமிரபரணிக் கரை ஊர்களிலும் அதற்கு வடக்கே கரிசல் காட்டிலும் நான் அலைந்து செய்த வேலையையும், என்னோடு வந்த இளைஞர்கள் தடுக்கி விழுந்த இடங்களையும் வைத்து இதை எழுதுகிறேன். வேறு வட்டாரத்துக்காரர்கள் ஊர்ப் பெயரையும் சாமி பெயரையும் மாற்றிக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. எல்லையைக் குறுக்குங்கள்

மாவட்டம் முழுவதையும் தலைப்பில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ஒரு ஊர், அதைச் சுற்றி நாலைந்து ஊர்கள் போதும். அல்லது ஒரே வகை: தாலாட்டு, ஒப்பாரி, விடுகதை, பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை, சாமி கதை, இவற்றில் ஒன்று.

காரணம் இது. ஒரு கதையை ஒரே வாயிலிருந்து கேட்டால் அது அவர் சொன்ன கதை. நாலு வாயிலிருந்து கேட்டால்தான் ஊர் சொல்லும் கதை எது, அவர் சேர்த்தது எது என்று பிரியும். பரப்பு பெரிதானால் ஊருக்கு ஒருவரைப் பார்க்கத்தான் நேரம் இருக்கும். ஒரே ஊருக்கு ஐந்தாறு தடவை போக வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய இடமாகப் பாருங்கள்.

வகையை நீங்கள் எந்தப் பெயரால் அழைக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். சுடலைமாடன் பிறந்து வளர்ந்து வரம் வாங்கிய வரலாறு, கும்பிடுகிறவர்களுக்கு நடந்த சங்கதி. "சுடலைமாடன் கதை சொல்லுங்க" என்று வில்லுப்பாட்டு அண்ணாவியிடம், அதாவது குழுவின் தலைமைப் பாடகரிடம், கேட்கலாம். அவர் தொழிலில் அந்தப் பெயர் உண்டு. அதையே கோயில் பூசாரியிடம் கேட்டால் சிலருக்கு முகம் மாறும். "சாமி வரலாறு சொல்லுங்க" என்றால் உட்காரச் சொல்வார்கள். முதல் வேலையாக, அந்த ஊரில் எதை எந்தப் பெயரால் சொல்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். 'நாட்டுப்புற இலக்கியம்' என்ற சொல் அந்தப் பட்டியலில் வராது.

2. கிளம்புவதற்கு முன் படிக்க வேண்டியது

உங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே அச்சான தொகுப்புகளைப் படித்துவிட்டுப் போங்கள். களத்தில் ஒரு கதை காதில் விழும்போது, இது தெரிந்த கதையின் புது வடிவமா, இதுவரை எங்கும் வராததா என்று அந்த நிமிடமே புரிய வேண்டும். புரிந்தால்தான் அடுத்த கேள்வி சரியாக வரும்.

'அத்திரிபச்சா' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மாப்பிள்ளை, பெயர் மறக்காமலிருக்க "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். வழியில் ஒரு பள்ளத்தைத் தாண்டும்போது "அத்திரிபச்சா" என்று குதிக்கிறான். அதற்குப் பிறகு வாயில் அத்திரிபச்சாதான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அத்திரிபச்சா செய்யச் சொல்கிறான்; அவளுக்குப் புரியாததால் அடித்துவிடுகிறான். இந்தக் கதையின் எலும்புக்கூடு உலகில் பல மொழிகளில் உண்டு. ஆர்னே, தாம்சன், ஊத்தர் மூவர் பெயரால் வழங்கும் கதைவகை அடைவில் 'மறந்த சொல்' என்று 1687ஆம் எண்ணில் இருக்கிறது. இது தெரியாத புதியவர், பழக்கப்பட்ட கதைதானே என்று பதிவை நிறுத்திவிடுவார். தெரிந்தவர் கடைசிவரை கேட்பார். தாண்டியது வாய்க்காலா, ஓடையா, குண்டா? மனைவியின் வீங்கின கன்னத்தைப் பார்த்துக் "கொழுக்கட்டை மாதிரி" என்று சொல்வது அவள் அம்மாவா, பக்கத்து வீட்டுக்காரியா? அந்த ஊருக்கே உரியது அங்கேதான் இருக்கிறது.

படிப்போடு ஊரின் நாள்காட்டியையும் பாருங்கள். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களின் அறுப்பிலும் ஆற்றுப்பாசன ஊர்களில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. கொடை, அதாவது ஊர்ச் சாமிக்கு எடுக்கும் கோயில் திருவிழா, நடக்கும் நாட்களை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வில்லுப்பாட்டும், மகுடம் அடித்து ஆடும் கணியான் கூத்தும் அவற்றுக்குரிய இடத்தில் நடப்பதைப் பார்க்க வேறு வழி இல்லை.

3. கையில் இருக்க வேண்டியவை

நல்ல கைபேசி போதும். காசு இருந்தால் சிறிய ஒலிப்பதிவுக் கருவி வாங்கலாம். எதுவானாலும் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வையுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி அளவில் இடம் பிடிக்கும். எம்பி3 என்றால் 128 கேபிபிஎஸ்ஸில் 58 எம்பியோடு முடிந்துவிடும் என்று பலர் அதற்குப் போகிறார்கள். சுருக்கும்போது போன ஒலி திரும்ப வராது. பல் விழுந்த வாயிலிருந்து வரும் சொல்லைப் பத்து தடவை கேட்டுப் பிரிக்க வேண்டிய நேரத்தில் அந்த இழப்பு தெரியும்.

கைபேசியை விமான நிலையில் போடுங்கள். பதிவுக்கு நடுவே அழைப்பு வந்தால் சில கைபேசிகளில் பதிவு அப்படியே நின்றுவிடும்.

கோடு போட்ட நோட்டு, இரண்டு பேனா, பவர் பேங்க், காதொலிக் கருவி. இவ்வளவுதான். முக்காலியும் பெரிய கேமராவும் முதலிரண்டு பயணங்களுக்குத் தேவையில்லை. அவை வந்தால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் ஆச்சி புதுச் சேலை கட்டப் போய்விடுவார்.

4. முதல் பயணத்தில் பதிவு வேண்டாம்

புதியவர்கள் ஏற்க மறுக்கும் படி இதுதான். பேருந்துக் காசு வீண் என்று நினைக்கிறார்கள். முதல் பயணம் யாருக்கு என்ன தெரியும் என்று தெரிந்துகொள்ள மட்டுமே.

யார் வழியாக ஊருக்குள் போகிறீர்கள் என்பது முக்கியம். ஊர்ப் பெரியவர் ஒருவரே கைபிடித்து அழைத்துப்போனால், அவருக்கு வேண்டியவர்கள் வீட்டுக்கு மட்டும்தான் போவீர்கள். அவர் நுழையாத தெருவுக்குள் நீங்களும் நுழைய முடியாது. தென்மாவட்டங்களில் இதைச் சொல்லாமல் விடுவது பொய் சொல்வதற்குச் சமம். ஒவ்வொரு தெருவுக்கும் அந்தத் தெருவைச் சேர்ந்த ஆளைப் பிடியுங்கள்: பள்ளிக்கூடப் பிள்ளை, பால்காரர், அங்கன்வாடி ஆயா, யாராக இருந்தாலும் சரி. ஒரே தெருவில் கேட்டுவிட்டு 'இந்த ஊர்க் கதைகள்' என்று புத்தகம் போடக் கூடாது.

பெண்களிடம் கேட்க வேண்டியதைப் பெண்ணே கேட்கட்டும். தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் பெண்கள் வாயில் இருப்பவை. ஆண் சேகரிப்பாளர் முன்னால் பாதியை விழுங்கிவிடுவார்கள். கேலிப்பாட்டு முழுவதுமே வராது.

கதை கேட்கப் போனவர் முதலில் ஒரு கதை சொல்லுங்கள். எனக்குப் பலித்த ஒரே திறவுகோல் இது. "எங்க ஆச்சி நல்லதங்காளை இப்படிச் சொல்லுவா" என்று நம் வீட்டு வடிவத்தைச் சொல்லத் தொடங்கினால், மூன்றாவது நிமிடத்தில் எதிரே இருப்பவர் தலையை ஆட்டுவார். "அப்படி இல்லய்யா. நீ தப்பா கேட்டிருக்க." அங்கிருந்து அவர் கதை தொடங்கிவிடும். 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்றவரே இரண்டு மணி நேரம் பேசுவார். அன்றைக்குப் பதிவு செய்யாதீர்கள். கேளுங்கள், திரும்ப வர நாள் கேட்டுக்கொண்டு வாருங்கள். ஒரு தடவை சொன்ன கதை அடுத்த தடவை நிறைவாக வரும். நடுவில் இருக்கும் நாட்களில் அவரே மறந்ததையெல்லாம் எடுத்துக் கோத்து வைத்திருப்பார்.

5. ஒப்புதலை எழுத்தில் அல்ல, குரலில் வாங்குங்கள்

அச்சடித்த படிவத்தை நீட்டிக் கையெழுத்து கேட்காதீர்கள். நிலப்பத்திரமும் கடன் பத்திரமும் பார்த்துப் பயந்தவர்கள் அவர்கள். பதிவின் தொடக்கத்தில் மூன்று செய்திகளைச் சொல்லி, அவர் சம்மதத்தை அவர் குரலிலேயே பதியுங்கள். எதற்காகக் கேட்கிறோம்; எங்கே வரும் (புத்தகத்திலா, யூடியூபிலா, இரண்டிலுமா); அவர் பெயரைப் போடலாமா.

இதில் சட்டமும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 38ஆம் பிரிவில் நிகழ்த்துவோருக்குத் தனி உரிமை தருகிறது. அது 50 ஆண்டுகள் நீடிக்கும். நிகழ்த்துவோர் என்ற விளக்கத்துக்குள் பாடகர், நடிகர் முதல் பாம்பாட்டி வரை வருகிறார்கள். ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் பதிவுசெய்ய விலக்கு உண்டு. ஆனால் வில்லுப்பாட்டுக் குழுவின் பதிவைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றிக் காசு பார்ப்பது அந்த விலக்குக்குள் வராது. கதை ஊருக்குப் பொது. அதைப் பாடிய குரல் பாடியவருடையது.

பணம் தரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தொழில்முறைக் கலைஞருக்குக் கட்டாயம் தர வேண்டும், பேசித் தர வேண்டும். வீட்டுத் திண்ணையில் கதை சொல்லும் ஆச்சிக்குக் கதைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால், அடுத்த தடவை ஒரு கதை மூன்றாக உடைந்து வரும். அவருக்கு வெற்றிலையோ பழமோ வாங்கிப் போங்கள். புத்தகம் வந்த பிறகு செய்ய வேண்டியதை அப்போது செய்யுங்கள்.

6. பதிவு செய்யும் நாள்

இடத்தைப் பார்த்து உட்காருங்கள். மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, தகரக் கூரையில் மழை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி: பேசும்போது காதுக்கு இவை படாது, பதிவில் படும். காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு அரை நிமிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கருவி சொல்பவரின் வாய்க்கு ஒரு முழத் தூரத்தில், ஒரு துண்டின் மேல் இருக்கட்டும். வெறும் தரையிலோ மேசையிலோ வைத்தால் ஒவ்வொரு தட்டலும் இடியாகக் கேட்கும்.

முதல் நிமிடத்தில் உங்கள் குரலில் சொல்லுங்கள்: தேதி, ஊர், சொல்பவர் பெயர், வயது, பக்கத்தில் இருப்பவர்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் கோப்புக்குள்ளேயே அடையாளம் இருக்கும். இதைச் செய்யாமல் விட்ட இரண்டு பதிவுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அருமையான இரண்டு ஒப்பாரி. யார் பாடியது என்று தெரியாமல் அவற்றை அச்சேற்ற முடியவில்லை.

'உம்' கொட்ட ஆள் வேண்டும். நம் ஊரில் கதை என்பது ஒருவர் சொல்ல இன்னொருவர் 'ம்' போடுவது. 'ம்' நின்றால் கதையும் நிற்கும். சேகரிப்பாளர் பதிவு கெடும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சொல்பவருக்குச் சுவரிடம் பேசுவதுபோல் இருக்கும். கதையைச் சுருக்கி எழுந்துவிடுவார். வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கருவிக்குக் கொஞ்சம் தள்ளி உட்காரவையுங்கள். அது 'ம்' போடும், நடுவில் கேள்வியும் கேட்கும். அந்தக் கேள்வியும் பதிலும் கதையின் பகுதிதான், வெட்டாதீர்கள். நீங்கள் கண்ணாலும் தலையாலும் 'ம்' போடுங்கள்.

இடையில் குறுக்கிடாதீர்கள். புரியாத சொல் வந்தால் நோட்டில் குறியுங்கள், கதை முடிந்ததும் கேளுங்கள். ராசாவுக்கு முன்னே ஆறு பெண்டாட்டி என்றவர் இப்போது ஏழு என்கிறாரே என்று திருத்தப் போகாதீர்கள். திருத்தியதும் அவர் மாணவர் ஆகிவிடுவார், நீங்கள் வாத்தியார் ஆகிவிடுவீர்கள். அதன்பின் வருவது உங்களுக்குப் பிடிக்கும் என்று அவர் நினைக்கிற கதை.

கதை முடிந்ததும் நான்கு கேள்விகள் போதும். யாரிடம் கேட்டீர்கள்? எப்போது சொல்வார்கள்? யாருக்கு இதைச் சொல்லக் கூடாது? வேறு மாதிரி சொல்பவர் யாராவது இருக்கிறார்களா? கடைசிக் கேள்வியில்தான் அடுத்த வீட்டின் முகவரி கிடைக்கும்.

ஒப்பாரிக்கு ஒரு விதி தனியாக உண்டு. சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடுவது ஆகாது என்று பல வீடுகளில் தடுப்பார்கள். வற்புறுத்தாதீர்கள். களத்துமேட்டிலோ ஊருக்கு வெளியே மரத்தடியிலோ பாடச் சம்மதிப்பார்கள். பாடத் தொடங்கினால் அவர்கள் இழந்தவர்கள் நினைவுக்கு வந்து உண்மையாகவே அழுவார்கள். பதிவை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அன்றைக்கு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டாம்.

வில்லுப்பாட்டைப் பதிவது வேறு வேலை. குடத்தின் முழக்கம் குரலை விழுங்கும். ஆகவே குடமடிப்பவர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கருவியை வையுங்கள். குழாய் ஒலிபெருக்கிக்கு முன்னால் வைத்தால் ஒரு சொல்லும் தேறாது. மைக்செட்காரரிடம் முன்கூட்டியே பேசி, பெட்டியிலிருந்து ஒரு வயர் வாங்கிக்கொள்வது நல்லது. சாமியாடிக்கு அருள் வரும் நேரத்தில் அண்ணாவி கதையை நிறுத்தி, சாமியை அழைக்கும் வரத்துப்பாட்டுக்குப் போவார். அப்போது முன்னால் போய் நிற்பதும் ஃபிளாஷ் அடிப்பதும் கூடாது. கொடையில் பாடப்படுவது நேரத்துக்கும் பூசைக்கும் ஏற்றபடி சுருங்கும், விரியும். விடுபட்டதைப் பிறகு அண்ணாவி வீட்டுக்குப் போய் அவருடைய பாட்டு நோட்டோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். நோட்டு இருக்கிறதே, அதையே அச்சடித்துவிடலாம் என்று நினைப்பது பெரிய தவறு. பாட்டுக்கு நடுவே பேச்சாக வரும் விளக்கமும் கேலியும் நோட்டில் இருக்காது. கூட்டம் அதற்காகத்தான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது.

7. அன்றிரவே செய்ய வேண்டியது

கோப்புக்குப் பெயர் வையுங்கள்: ஆண்டு, மாதம், நாள், ஊர், சொன்னவர், வரிசை எண். இந்த ஒழுங்கில் வைத்தால் கணினி தானாகவே நாள்வாரியாக அடுக்கிக்கொள்ளும். கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று என்று மூன்று படி எடுங்கள். மூன்றும் ஒரே பையில் இருந்தால் அது ஒரு படிதான்.

களக்குறிப்பை எழுதாமல் தூங்காதீர்கள். ஒலியில் பதியாதது நிறைய: கையை எப்படி விரித்தார், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி வாசலைப் பார்த்தார், மருமகள் வந்ததும் எந்தக் கதையை விட்டு வேறு கதைக்குத் தாவினார். மறுநாள் காலையில் இதில் பாதி மறந்திருக்கும்.

8. எழுத்தாக்கம்

ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்குப் பத்து மணி நேரம் ஆகிறது, பாட்டென்றால் இன்னும் கூடும். பதிந்த வாரத்திலேயே எழுதத் தொடங்குங்கள். புரியாத சொல்லைக் கேட்கத் திரும்பப் போகும்போது, சொன்னவர்களுக்கும் அந்தக் கதை வாய்க்கு அருகிலேயே இருக்கும். நாற்பது மணி நேரம் பதிந்து வைத்துவிட்டு எழுத உட்காராமல் விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு பதிவை எழுதி முடிக்காமல் மூன்றாவது பதிவுக்குப் போகாதீர்கள்.

இரண்டு படி தயாரிக்க வேண்டும். ஒன்று மூலப்படி: சொன்னது சொன்னபடி, தடுமாற்றமும் திரும்பச் சொன்னதும் உட்பட. இதை ஒருபோதும் திருத்தக் கூடாது. மற்றது வாசிப்புப்படி: மூலப்படியிலிருந்து புத்தகத்துக்காக எடுப்பது. வாசிப்புப்படியில் தும்மலையும் நடுவில் வந்த பால் கணக்கையும் எடுக்கலாம். கதையின் மொழியில் கை வைக்காதீர்கள்.

சொன்னது இப்படி என்று வையுங்கள்:

"ஒரு ஊர்ல ஒரு அண்ணன் தங்கச்சி. தங்கச்சிக்காரி வெள்ளன எந்திச்சி தண்ணிக்குப் போறா. போறா, போறா, போய்க்கிட்டே இருக்கா. எதுக்க ஒரு ஆளு நிக்கான்."

புதியவர் இதைத் திருத்தி எழுதுவது:

"ஓர் ஊரில் ஓர் அண்ணனும் தங்கையும் வாழ்ந்து வந்தனர். ஒரு நாள் தங்கை அதிகாலையில் எழுந்து தண்ணீர் எடுக்கச் சென்றாள். நெடுந்தூரம் சென்றபின் எதிரே ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான்."

'போறா, போறா' என்று நீட்டியதில்தான் அந்தத் தூரம் இருந்தது. 'நெடுந்தூரம்' என்ற சொல் அதை அளந்து முடித்துவிடுகிறது. 'நிக்கான்' என்று இந்த நிமிடத்தில் நிற்கும் ஆளை 'நின்றுகொண்டிருந்தான்' என்று பழைய ஆளாக்கிவிட்டால், கேட்பவருக்கு வர வேண்டிய திடுக்கிடல் வராது. இலக்கணப் பிழை என்று நினைத்துத் திருத்துவது பெரும்பாலும் கதை சொல்லும் உத்தியாக இருக்கும்.

ஊர்ச் சொல்லை வேறு ஊர்ச் சொல்லாக மாற்றுவதும் அப்படித்தான். ஆற்றுப்பாசன ஊர்க்காரர் 'குளம்' என்பார், கரிசல்காரர் 'கம்மாய்' என்பார். இரண்டையும் 'ஏரி' என்று எழுதினால் கதை வடக்கே போய்விடும்.

பேச்சு வழக்கை எழுதும்போது ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்து வடிவத்தைக் கடைப்பிடியுங்கள். 'எந்திச்சி', 'எந்திரிச்சி', 'ஏந்திச்சு' என்று மூன்று வந்தால், மூன்றும் காதில் விழுந்தவையா, உங்கள் கை தவறியவையா என்று உங்களுக்கே பின்னால் தெரியாது. முடிவு செய்த வடிவங்களைத் தனித்தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்து அச்சகம் மாறும்போது ஆய்தமும் கொம்பும் இடம்மாறி நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

9. எந்த வடிவம் சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்

முத்துப்பட்டன் கதையைப் பாருங்கள். பிராமணனான பட்டன், அருந்ததியர் சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, செருப்புத் தைத்து, மாட்டுக்குக் காவல் இருந்து, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில் அவர்களுக்கு வழிபாடு உண்டு. இந்தக் கதையில் சில வடிவங்கள் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பிள்ளைகள், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று சொல்லும். வேறு வடிவங்களில் அந்தப் பகுதியே கிடையாது.

இரண்டையும் கேட்ட புதியவர் ஒன்றை உண்மை என்று வைத்து மற்றதைத் தூக்கிப்போடுவார். அதைவிட மோசமாக, இரண்டையும் கலந்து 'முழுமையான' வடிவம் ஒன்றைத் தானே செய்வார். எந்த ஊரிலும் யாரும் சொல்லாத கதை அது. இரண்டையும் தனித்தனியே, யார் எங்கே சொன்னது என்ற குறிப்போடு போடுங்கள். பிறப்பை மாற்றும் அந்தப் பகுதி யாருக்குத் தேவைப்பட்டது என்பதை வாசகர் பார்த்துக்கொள்வார். உங்கள் கருத்தைக் குறிப்பில் தாராளமாக எழுதலாம். கதைக்குள் எழுதக் கூடாது.

சாதிப் பெயரும் வசவும் வரும் இடங்களிலும் இதே விதிதான். மூலப்படியில் அப்படியே இருக்கும். புத்தகத்தில் எதையாவது விட்டால், விட்ட இடத்தையும் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். கொலையுண்டு சாமியானவர்களின் கதைகளில், கொன்றவர்களின் வாரிசுகள் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள். மூன்று தலைமுறைக்குள் நடந்ததென்றால், இரு பக்கத்தாரிடமும் பேசாமல் அச்சேற்றாதீர்கள்.

10. சொன்னவர் முன்னால் வாசித்துக் காட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். வாசிப்புப்படி தயாரானதும் தாளை எடுத்துக்கொண்டு அதே திண்ணைக்குப் போய், சத்தமாக, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசியுங்கள்.

மூன்று பலன் உண்டு. தவறாகக் கேட்ட சொற்கள் அங்கேயே திருந்தும். ஒரு கதையில் 'பொழி' என்ற சொல்லை நான் 'பொலி' என்று எழுதியிருந்தேன். வயல் வரப்பில் நின்றவனைக் களத்து நெற்குவியலில் ஏற்றிவிட்டேன். ஆச்சிதான் பிடித்தார். இரண்டாவது, விட்டுப்போனது நினைவுக்கு வரும்; கதை சில சமயம் கால்பங்கு வளரும். மூன்றாவது, "இது வேண்டாம்யா, அவ மக இருக்கா" என்று ஒரு இடத்தை எடுக்கச் சொல்வார். எடுத்துவிடுங்கள். பெயரைப் போட ஒப்புக்கொண்டவர் இப்போது வேண்டாம் என்றாலும் அதுவே முடிவு.

11. புத்தகத்துக்குள் என்ன வேண்டும்

ஒவ்வொரு கதையின் கீழும்: சொன்னவர், வயது, ஊர், நாள், அவர் யாரிடம் கேட்டது, கேட்டு எழுதியவர். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை தொகுத்த நாட்டுப்பாடல்களில் பாட்டின் கீழே உதவியவர், சேகரித்தவர், இடம் என்று போட்டு, வட்டார வழக்குச் சொற்களுக்குப் பொருளும் தந்திருப்பார்கள். அந்த மாதிரியைப் பின்பற்றினால் போதும். இந்தக் குறிப்பு இல்லாத கதையைப் பின்னால் வருகிற ஆய்வாளர் எடுத்தாள முடியாது. சொன்னவரின் பேத்திக்கும் இது தன் ஆச்சியின் கதை என்று தெரியாது.

சொல்லடைவைக் கடைசியில் வையுங்கள். அடைப்புக்குறிக்குள் பொருள் சொல்லிக்கொண்டே போனால் வாசிப்பு இடறும். பொருளை அகராதியில் தேடுவதற்கு முன் சொன்னவரிடமே கேட்டு எழுதுங்கள். கரிசல் சொற்களுக்கு, கி. ராஜநாராயணன் தொகுத்து 1982இல் வந்த வட்டார வழக்குச் சொல்லகராதியோடு ஒப்பிடலாம்.

முன்னுரை சுருக்கமாக இருக்கட்டும். எந்த ஊர்களில், எந்த ஆண்டுகளில், எப்படிக் கேட்டீர்கள், எதைச் சேர்க்கவில்லை என்று சொன்னால் போதும்.

12. அச்சு

டெமி 1/8 அளவு கைக்கு வசதி. ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள் ஒரு ஃபாரம்; ஃபாரத்துக்கு 16 பக்கம். 160 பக்கம் என்றால் பத்து ஃபாரத்தில் முடியும். 163 வந்தால் பதினோராவது ஃபாரத்துக்கும் காசு போகும். கடைசிப் பிழை திருத்தத்தின்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். இந்தப் புத்தகத்தை முதலில் கையில் எடுப்பவர்கள் வயதானவர்கள்.

நீங்களே வெளியிட்டாலும் ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டுப் புத்தக அடையாள எண் கிடைக்கும். ராஜாராம் மோகன்ராய் பெயரிலான தேசிய முகமையிடம் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் இல்லை. அச்சுக்குப் போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். உரிமைப் பக்கத்தில் எண் வர வேண்டும்.

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வந்த 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி வெளியிடுபவர் செலவில் போக வேண்டும். சிறு வெளியீட்டாளர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 300 பிரதி அச்சிட்ட புத்தகம் ஐம்பது ஆண்டு கழித்து எங்காவது கிடைக்க வேண்டுமானால் இந்த நான்கு பிரதிகள்தான் வழி. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒன்று கொடுங்கள்.

13. கதையை ஊருக்கே திருப்பிச் சொல்லுங்கள்

வெளியீட்டு விழாவை நகரத்து அரங்கில் வைப்பதற்கு முன், சொன்னவர்கள் வீட்டுக்குப் பிரதியோடு போங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு அவர் பெயர் இருக்கும் பக்கத்தைத் திறந்து, அவர் விரலை அதன்மேல் வைத்துக் காட்டுங்கள். அவர் குரல் பதிவைப் பேரன் கைபேசியில் போட்டுக் கொடுங்கள்.

பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேட்டு ஒரு மணி நேரம் வாங்குங்கள். புத்தகத்தைப் பார்த்து வாசிக்காதீர்கள், மனப்பாடமும் செய்யாதீர்கள். கதையின் எலும்பைப் பிடித்துக்கொண்டு உங்கள் வாய்மொழியில் சொல்லுங்கள். பாட்டும், திரும்பத் திரும்ப வரும் வரிகளும் மட்டும் மூலப்படியில் இருப்பதுபோலவே வர வேண்டும், அவைதான் பிள்ளைகள் வாயில் ஒட்டும். ஆச்சியின் குரலை நடித்துக் காட்ட வேண்டாம். சிரிப்பு வரும், ஆனால் ஆச்சியைப் பார்த்து வரும் சிரிப்பாகிவிடும். தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: "இது மேலத்தெரு ஆச்சி சொன்ன கதை." பெயர் சொல்ல ஒப்புதல் இருந்தால் பெயரையும் சொல்லுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

கால்மணி நேரத்துக்கு ஒரு கதை, அதற்குமேல் வேண்டாம். முடிந்ததும், "உங்க வீட்டுல இத எப்படிச் சொல்லுவாங்கன்னு கேட்டுட்டு வாங்க" என்று அனுப்புங்கள். அடுத்த வாரம் திரும்பப் போங்கள். போகும்போது நோட்டும் பேனாவும் கருவியும் கையில் இருக்கட்டும். "எங்க தாத்தா அது தப்புன்னு சொல்லுதாவ" என்று ஒரு பிள்ளையாவது வந்து நிற்கும். அந்தத் தாத்தா வீட்டுக்கு அன்றைக்கே போங்கள். முதல் தடவை கருவியை வெளியே எடுக்காதீர்கள்.